விபூதி போட்டுத் துலக்கிய ரோமானியக் காசு

மகளின் வெள்ளிக் கொலுசைத் துலக்க விபூதியைக் கையில் எடுத்ததும் உன் ஞாபகம். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. நாணயக் கண்காட்சிக்காகப் படம் எடுக்கச் சொல்லி, உன் ரோமானிய வெள்ளிக்காசை மாங்காட்டில் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தாய். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் வாங்கிய காசு. ஒரு பக்கம் தாடிக்காரப் பேரரசர். மறுபக்கம் அவரை எரித்த, அடுக்கடுக்கான சிதை. இறந்த பிறகு அவரைத் தெய்வமென்று அறிவித்து வெளியிட்டது என்று சொல்லியிருந்தாய். என் கண்ணில் பட்டதெல்லாம் அது கறுத்துக் கிடந்ததுதான். பூஜை விளக்கோடு சேர்த்து அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் கொரட்டூரிலிருந்து வந்த நீ, காசைப் பார்த்து அப்படியே நின்றாய். பழங்காசின் கறுப்பைத் தொடவே கூடாதாம். நான் அழுதுவிட்டேன். "இன்னாடி, ராஜா கல்யாண மாப்ள மாதிரி பளபளன்னு கீறாரு!" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, கவனித்தேன்.

கண்காட்சியில், நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "யாரும்மா இதைத் தேய்ச்சது? காசையே கெடுத்துட்டீங்களே!" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ சொன்னாய்: "இவரைத்தான் சாமியாக்கிட்டாங்களே சார்? சாமின்னா எங்க ஊர்ல விபூதி போடுவாங்க." பெரியவரே சிரித்துவிட்டார். அதோடு விட்டாயா? காசின் கீழிருந்த அட்டையில், "துலக்கியவர்: என் தோழி" என்று பேனாவால் சேர்த்து எழுதினாய். இப்படி ஒருத்திக்குத் தோழியாக இருந்தேன் என்று யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

உன் அம்மா கொடுத்து, காசும் அட்டையும் இப்போது என்னிடம். நாளை பள்ளிக்கு ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மகள் இதைத்தான் கேட்கிறாள். தொலைத்துவிடுவாளோ, வாயில் போட்டுக்கொள்வாளோ? என் பயம்தான் உனக்குத் தெரியுமே. காலையிலிருந்து மூன்று முறை வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆனால் நீ, கண்காட்சி முடிந்து திரும்பும்போது அதே காசை என் உள்ளங்கையில் வைத்து, "பஸ்ல கூட்டமா கீது, நீயே புடிச்சிக்கினு வாடி" என்றவள்.

கொண்டுபோகட்டும். நானும் கூடப் போகிறேன். அட்டையையும் வைக்கிறேன். யார் தேய்த்தது என்று யாராவது கேட்டால், இந்தத் தடவை கையைத் தூக்குவேன்.