ஏழு வயது, இருபத்திரண்டு கிலோ

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ எங்களிடம் விட்டுப்போன சின்னவன் நலமில்லை. போனில் சொன்னால் நடுவில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன் என்று, உன் அம்மா என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துவிட்டாள்.

போன வாரம் படியில் தாவி இறங்கியதில் அவனுக்குப் பின்னங்கால் நொண்டியது. எனக்கோ மூட்டுவலி. ஜோடியாக நொண்டிப் போனதைப் பார்த்து மாடிவீட்டம்மா, உங்களப் பாத்துதான் கத்துக்கிச்சு போல என்று சிரித்தார். டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள் அம்மா. அங்கே நிற்கும் கூட்டத்தை நினைத்து நான் நேரே மருந்துக்கடைக்குப் போனேன்.

நாயை நாய் என்று நம் வீட்டில் யார் சொல்கிறோம்? சின்னவனுக்குக் கால்வலி என்றேன். கடைக்காரர் வயசு கேட்டார். ஏழு. எடை? இருபத்திரண்டு கிலோ. ரெண்டு நாள் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க என்றார். அவனுக்கு எங்கே படிப்பு ஏறுது என்று நானும் இளித்துவிட்டு, சிரப் பாட்டிலோடு வந்தேன்.

வீட்டு வாசலில்தான் உறைத்தது. பாட்டிலில் ஒரு குழந்தையின் படம். திரும்பிப் போய் நாய்க்கு என்று சொல்ல வெட்கம். இவனும் குழந்தைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாள் கொடுத்தேன். ஆசையாக நக்கிக் குடித்தான். நான்காம் நாள் வாந்தி. மலம் கறுப்பாகப் போயிற்று.

நாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஏதாவது மருந்து கொடுத்தீங்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். எழுதவே கை கூசுகிறது. உன் அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மனுஷங்க வலி மருந்து நாய்க்கு வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும், அதுக்குன்னு தனி மருந்து இருக்கு, அதையும் ரத்தம் பாத்து, எடை பாத்துதான் தருவோம், முதல் நாளே ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டிரிப்ஸ் ஏறுகிறது. கிட்னி தேறுமா என்று நாளை ரத்தப் பரிசோதனையில் தெரியும். நான் கிட்டே போனால் படுத்தபடியே வாலை ஆட்டுகிறான். நான் செய்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நாளைக் காலை கூப்பிடு, கண்ணு. என்னோடு பேச வேண்டாம். போனை அவன் காதில் வைத்துவிட்டு நான் வெளியே போய் நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
அப்பா