முதலாளி திருப்பிய சாவி

14-9-79, வெள்ளி

இன்னும் ஆத்திரம் அடங்கலை. பேக்கரி முதலாளியோட பழைய வேனுக்குப் புது டைனமோ மாட்டினேன். காத்துலயே குளிர்ற இன்ஜின். அதையே கீழே இறக்கினாத்தான் டைனமோ கைக்கு வரும். எல்லாம் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து டைனமோவை ஒரு தொடு தொடணும், இல்லன்னா எரிஞ்சிடும். ஒயர் எடுக்க உள்ளே போனேன். ராகுகாலம் வந்துடும்னு முதலாளி சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழத்தை வச்சு, தானே சாவியைத் திருப்பிட்டார். நான் ஓடி வந்து சாவியைத் திருப்பி அணைக்கிறதுக்குள்ள புகை.

"உனக்குக் கைராசி இல்லப்பா"ன்னு தெருவே கேக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஆள் அனுப்பினார். திங்கக்கிழமை நல்ல நேரத்துல வந்து பழைய டைனமோவையே மாட்டணுமாம். வண்டிச் சாவியை வேற தேடுறாராம்.

தேடட்டும். என் தலகாணிக்கடியில இருக்கு.