ஓட்டை விழுந்த திரைச்சீலை

அன்புத் தம்பிக்கு,

"ஒத்துக்கோ, சீக்கிரம் வெளிய வந்துடலாம்" என்று உனக்காக வாதாட வந்த அந்த வக்கீல் சொன்னதும் தலையாட்டிவிட்டாயே! நீ கொளுத்தியதாகச் சொல்கிற அந்தக் கிடங்கு தீப்பிடித்த நேரத்தில் நீ என் வீட்டுக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாய். அதை நான் சொன்னபோது, "அக்கா சாட்சிய யாரு நம்புவா?" என்று என்னை வெளியே உட்காரவைத்தார். தெருவுக்கு வந்து ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை.

நான் விசாரித்தேன். காயப்போட்ட திரைச்சீலையில் தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்ததென்று அன்று அதே நேரத்தில் உன்னோடு சண்டை பிடித்தாளே பக்கத்து வீட்டுக்காரி, அவள், "நான் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. கோர்ட்லயும் வந்து சொல்றேன்" என்கிறாள். திரைச்சீலையும் பத்திரமாக இருக்கிறது.

வக்கீல் உன் பக்கத்தை விசாரிக்கவே இல்லை, அந்த ஒப்புதல் செல்லாது என்று மனு போட்டுவிட்டேன். வழக்கு மறுபடி நடந்தால் தண்டனை கூடவும் செய்யலாமாம். நடக்கட்டும்.

கேட்டில் ஒரு கீல் பாதியில் நிற்கிறது. வேறு யாரையும் தொடவிட மாட்டேன்.

இந்த முறை தலையாட்டாதே. வாயைத் திறந்து பேசு.

பாதிக் கேட்டோடு காத்திருக்கும்,
உன் அக்கா