பட்டியலில் விட்டுப்போன நவம்பர் 21

நவம்பர் 21, இரவு

காலையில் வழக்கம்போல் ஹார்பர் வாட்ஸ்அப் குழுவில் ‘வரலாற்றில் இன்று’ போட்டேன். தும்பாவில் முதல் ராக்கெட் பறந்த நாள், உலக மீனவர் தினம். இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் படித்தார்களோ என்னவோ.

மதியம் வீட்டுக்கு வந்தால் பாயசம்.

“ஏளா, இன்னைக்கு என்ன விசேஷம்?” என்றேன்.

என் மனைவி ஸ்டெல்லா கரண்டியை டொக்கென்று வைத்தாள். “ஊருக்கெல்லாம் ராக்கெட் கதை அனுப்புதிய. போன வருஷம் இதே நாள்தான், நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்த மனுசன் ஐசியூவுல கண்ணு முழிச்சிய. அது ஞாபகம் இல்ல?”

பாயசத்தை ஒரு வாய் குடித்தேன். இனிப்பே இல்லை. டாக்டர் சீனி வேண்டாம் என்று சொன்னதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.