சாண் போட்டு அளந்த பெஞ்சு

செவ்வாய், இரவு.

இரண்டாம் வகுப்புக்கு இன்று நீளம் அளக்கும் பாடம். பெஞ்சைச் சாண் போட்டு அளக்கச் சொன்னேன். யாமினிக்குப் பத்து வந்தது, தருணுக்கு ஒன்பது.

"பொய் சொல்ற நீ!"

"போடி, நீதான் தப்பா அளந்த!"

வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. கத்தல் ஆவடி ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

தலைமையாசிரியை வந்து நின்றார். இன்னொரு முறை சத்தம் கேட்டால் இந்த வகுப்பை வேறு டீச்சரிடம் கொடுத்துவிடுவேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். இன்று, "பாடம்தான் நடக்குது மேடம். நீங்களும் அளந்து பாருங்க" என்றேன். என் வாயா அது?

அளந்தார். ஏழு.

யாமினி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். "மேடம், உங்க கை பெருசா கீது, அதான் கம்மியா வருது. எல்லாரும் ஒரே குச்சில அளந்தா சண்டையே வராது."

அதை நான் சொல்லித் தரவே இல்லை. ஸ்கேலை நாளைக்குத்தான் எடுப்பதாக இருந்தேன்.

மேடம் சிரித்துவிட்டார். "கிளாஸ் உன்கிட்டயே இருக்கட்டும்மா. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறை."

குறைக்கவில்லை. மணி அடிக்கும் வரை கதவு, ஜன்னல், என் முந்தானை என்று எல்லாவற்றையும் அளந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.