சிறுகோடு இல்லாத குறிப்பு

மார்ச் 3
ஆபீசில் என் வேலை ஆங்கிலம் திருத்துவது. என் முத்திரை விழாத காகிதம் மேனேஜர் மேஜைக்குப் போகாது. இன்று, புதிதாக வரப்போகும் மின்கெட்டிலைச் சோதிக்கிறவரின் குறிப்பு வந்தது. தலைப்பிலேயே தப்பு. ‘ப்ரீ-லாஞ்ச்’ என்று நடுவில் சிறுகோடு வேண்டும். மனிதர் பத்து இடத்திலும் ஒட்டி எழுதியிருக்கிறார். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டேன். அதற்கு மேல் எதற்குப் படிக்க வேண்டும்?

மார்ச் 6
மறுபடி வந்தது. கோடு இருக்கிறது, கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி! படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். ஒரே சிரிப்பு. அவர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.
“மேடம், உள்ள என்ன எழுதிருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க. கைப்பிடி...”
“மொதல்ல எழுதக் கத்துக்கிட்டு வாங்க சார். கைப்பிடிய அப்புறம் பாக்கலாம்.”
முகம் செத்துப்போயிற்று. நன்றாக வேண்டும்.

மார்ச் 9
மூன்றாவது முறை. இரண்டு இடத்தில் இன்னும் தப்பு. கோடு போடச் சொன்னால் கோட்டை விடுகிறார். திருப்பிவிட்டேன்.

மார்ச் 12
குறை சொல்லி எந்தக் காகிதமும் மேனேஜர் மேஜைக்குப் போகாததால் கெட்டில் வெளியாகிவிட்டது. ஊழியர்களுக்கு ஆளுக்கு ஒன்று இலவசம். என்னுடையதை அக்காவிடம் கொடுத்தேன். குழந்தை மாதிரி துள்ளினாள்.

மார்ச் 20
அக்கா கை. கொதிக்கிற தண்ணியோட கைப்பிடி கழண்டுடுச்சாம். வலது கை முழுக்க. ஐயோ, சட்டையோட தோலும் வந்துடுச்சே — நான்தானே குடுத்தேன், அவளா கேட்டா?

மார்ச் 21
திருப்பும்முன் எடுத்து டிராயரில் போட்டிருந்த அவர் குறிப்பின் பிரதியைப் படித்தேன். மூன்றாவது வரி: ‘பத்தாவது கொதிப்புக்குள் கைப்பிடி கழல்கிறது. வெளியிட வேண்டாம்.’

மார்ச் 23
அக்கா கை வெந்தது பற்றி ஆபீசில் விசாரணை. “மூணு தடவ குடுத்தேன் சார்” என்றார் அவர். மேனேஜர் என்னைப் பார்த்தார். “முத்திரை போடற மாதிரி எதுவும் வரல சார்” என்றேன். பொய்யா என்ன?
அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். போகும்போது என் மேஜை அருகே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “அக்காவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார்.

ஏப்ரல் 2
கட்டுப் பிரித்தார்கள். விரல் மடங்கவில்லை. நான்தான் ஊட்டிவிடுகிறேன்.
“ஏன்டி, உங்க ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலகூடவா இது படல?”
“யாரும் எழுதிக் குடுக்கலக்கா” என்றேன். சோறு சூடாக இருந்தது. அவள் வாய் சுடக் கூடாதென்று ஊதி ஊதிக் கொடுத்தேன்.