63ஆம் எண் நாற்காலியைப் பற்றிய பொய்க் குறிப்பு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
பூங்காவுக்கு எதிரிலுள்ள மாடி வீடு.

பெறுநர்:
ஏலப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மறைந்த உள்அலங்கார வடிவமைப்பாளர் அம்மையாரின் சொந்தச் சேகரிப்பு ஏலப் பிரிவு.

பொருள்: ஏலப் பொருள் எண் 63, சுழல் நாற்காலி – விளக்கக் குறிப்பு பொய் – பொய் சொன்னவரே புகார் அளிப்பது – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஏலப் பட்டியல், பக்கம் 28.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வரும் சனிக்கிழமை ஏலத்துக்கு வரும் அம்மையாரின் சேகரிப்பில் 63ஆம் எண்ணாக ஒரு சுழல் நாற்காலி உள்ளது. "பழைய நாடகக் கொட்டகையின் ஒப்பனை அறையில் இருந்தது. கைப்பிடிகளில் நுண்ணிய செதுக்கு வேலை. அம்மையார் தம் மேசைமுன் பதினோரு ஆண்டுகள் பயன்படுத்தியது" என்று பட்டியல் சொல்கிறது. இவற்றில் கடைசி விவரம் மட்டுமே உண்மை. கொட்டகைக் கதை என் வாயிலிருந்து வந்தது. ஆகவே இந்தப் புகார் தங்கள் அலுவலகத்தின் மீதன்று, என் மீது.

2. அது என் அப்பாவின் முடிதிருத்தும் நாற்காலி. முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் கடையில் இருந்தது. கைப்பிடிகளில் இருப்பது செதுக்கு வேலை அன்று. உயரம் போதாத குழந்தைகளை உட்காரவைக்க அப்பா குறுக்கே ஒரு பலகை போடுவார். அந்தப் பலகை தேய்த்த தடம் அது. இருக்கையின் அடிப்பக்கம் கிழிந்த இடத்தில் நீலத்துணி ஒட்டுப் போட்டிருக்கும், என் பள்ளிச் சீருடைப் பாவாடையின் மிச்சம். கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். நான் படித்த படிப்பெல்லாம் அந்த நாற்காலி தந்தது.

3. நான் தலைமையாசிரியை ஆனதும் புதுவீடு கட்டினேன். மகளின் திருமணம் பேசி முடித்திருந்த சமயம் அது. சம்பந்தி வீட்டாரிடம் என் அப்பா 'சொந்தத் தொழில்' செய்தவர் என்று சொல்லிவைத்திருந்தேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உள்அலங்காரத்துக்கு யோசனை சொல்ல அம்மையாரைக் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்கு வரவழைத்தேன். பளிங்குத் தரை, கண்ணாடி அலமாரி என்று நான் வரிசையாகக் காட்ட, அவர் கூடத்து மூலையில் அப்பா போட்டிருந்த நாற்காலியின் முன் நின்றுவிட்டார். "இந்த வீட்டுல உட்காரணும்னு தோணுற பொருள் இது ஒண்ணுதாங்க. எங்க கிடைச்சுது?" என்று கேட்டார். பக்கத்தில் சம்பந்தியம்மாள் நின்றிருந்தார். "ஒரு பழைய நாடகக் கொட்டகையில" என்றேன். "வேணும்னா நீங்களே எடுத்துக்கோங்க" என்றும் சொன்னேன். "வீட்டுல பெரியவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். நான் சொன்னதை நம்பித் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அதுவே தங்கள் பட்டியலுக்கு வந்திருக்கிறது. அவர்மீது எள்ளளவும் குற்றமில்லை.

4. அப்பா அந்த வாரம் என் தங்கை வீட்டில் இருந்தார். திரும்பி வந்து கேட்டபோது, பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். பிறகும் மாதம் ஒருமுறை கேட்டார். திருகு கிடைக்கவில்லை என்றேன், கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

5. சென்ற வாரம் நாளிதழில் தங்கள் ஏல அறிவிப்பும் நாற்காலியின் படமும் வந்தன. எண்பத்தாறு வயதான அப்பா தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, "நம்ம நாற்காலி மாதிரியே இருக்கும்மா" என்றார். பிறகு படத்தின் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இல்ல, இது நாடகக்காரங்களோடது" என்று சொல்லித் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். தன் கண்ணை நம்பாமல், அச்சில் வந்த என் பொய்யை நம்பிவிட்டார். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிற்கவைத்து உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று முதல் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

6. தங்கள் எழுத்தரை அணுகியபோது, "உங்க அப்பா பொருள்னா அவர்தான் மேடம் கையெழுத்து போடணும்" என்று முறையாகவே சொன்னார். கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குத் துணிவின்றி மூன்று நாள் எழுதாத மனுத்தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

(அ) காரணம் எதையும் வெளியே அறிவிக்காமல், 63ஆம் எண்ணை ஏலத்திலிருந்து விலக்கி எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். [இக்கோரிக்கை அடிக்கப்பட்டுள்ளது]

(ஆ) அது இயலாவிட்டால், விளக்கக் குறிப்பையேனும் திருத்த வேண்டும்.

பின்சேர்க்கை: இன்று காலை இம்மனுவை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தம்மா நெசமாவே பதினோரு வருஷம் அதுல உட்கார்ந்தாங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். என் பேனாவை வாங்கி (அ)வைத் தாமே அடித்தார். "குடுத்தத எப்படிம்மா திருப்பிக் கேப்ப? யாரு வேணா எடுத்துட்டுப் போகட்டும். அது என்ன நாற்காலின்னு மட்டும் சொல்லிக் குடுக்கச் சொல்லு" என்றார். காரணத்தை ஏன் மறைக்கச் சொன்னாய் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் 'காரணம் எதையும் வெளியே அறிவிக்காமல்' என்ற சொற்களின்மேல் மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறார். தாங்களே பார்க்கலாம்.

எனவே எஞ்சியிருப்பது (ஆ) ஒன்றே. அது முடிதிருத்தும் நாற்காலி என்பதையும், கைப்பிடிகளில் இருப்பது பலகைத் தடம் என்பதையும் சனிக்கிழமை அவையில் உரக்க வாசிக்க ஆவன செய்யுங்கள். அறிவிப்பாளருக்குச் சங்கடமாக இருந்தால் நானே மேடையேறி வாசிக்கிறேன். அப்பாவை அழைத்து வருகிறேன். சம்பந்தி வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நாள்: மார்ச் 9
இடம்: அப்பாவின் அறை

(கையொப்பம்)
நாற்காலியின் சொந்தக்காரர்,
முடிதிருத்தும் தொழிலாளி.

(கையொப்பம்)
அவருடைய மூத்த மகள்.